கருவியும் கருப்பொருளும்

சிரம்பானிலிருந்து புறப்படும் சாலை புக்கிட் தங்கா மலைமீது வளைந்து வளைந்து ஏறி, மறுபுறம் இறங்கிக் கோலா கிளாவாங்கை அடைகிறது. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஜெலுபு மாவட்டத்தின் தலைமை ஊர் அது. சாலையின் இருமருங்கும் காடு; காடு முடியும் இடத்தில் தோட்டம்; தோட்டத்திற்கு அப்பால் மீண்டும் மலை. பால் மரங்களின் நிழலில் வளர்ந்த தமிழ் மக்களுக்கு அந்த மலையும் காடும் அன்றாடக் காட்சி. அன்றாடம் காண்பதாலேயே அவை கருத்தில் பதியாமல் போவதும் உண்டு.

இன்று அத்தோட்டங்களில் பிறந்த இளைஞர் அனைவர் கையிலும் படம் பிடிக்கும் கருவி இருக்கிறது. கைத்தொலைபேசியே புகைப்படக் கருவியாகிவிட்ட காலம் இது. பிறந்தநாளும் திருமணமும் கோயில் திருவிழாவும் நாள்தோறும் எண்ணற்ற படங்களாகின்றன. எடுப்பவர் பலர், எடுத்ததை மறுவாரம் எடுத்துப் பார்ப்பவர் சிலர், பத்தாண்டு கழித்தும் பார்க்கத்தக்க படம் ஒன்றை எடுப்பவர் மிகச் சிலர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? கருவியின் விலையா, கைப்பழக்கமா, அன்றிப் பார்வையா?

இவ்வினாவிற்கு விடை காண, இக்கலையைத் தாமே பயின்று வளர்த்துக்கொண்ட ஒரு தமிழரின் வாழ்வும் பணியும் பெரிதும் துணைபுரியும். மா. கிருஷ்ணன் (1912–1996) இந்தியக் காட்டுயிர்களைப் பற்றி எழுதியவர்களுள் முன்வரிசையில் நிற்பவர். எழுத்தாளர் என்ற முறையில் அவரைப் பலர் அறிவர். புகைப்படக் கலைஞர் என்ற முறையில் அவரை ஆராய்ந்து தமிழில் எழுதப்பட்டவை குறைவு. அவருடைய படங்களில் ஓர் உறுதியான கொள்கை உண்டு. அக்கொள்கை தமிழாசிரியர்களுக்குப் புதியதன்று. அவர்கள் வகுப்பறையில் ஆண்டுதோறும் கற்பிப்பதே அது.

ஆர்வலர் என்பவர் யார்?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு கலையைப் பிழைப்பாகக் கொள்ளாமல் விருப்பத்தால் பயில்பவரை ஆர்வலர் என்கிறோம். ஆர்வலர் என்றாலே அரைகுறைப் பயிற்சி உடையவர் என்ற எண்ணம் பொதுமக்களிடம் உண்டு. புகைப்படக் கலையின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கிறது.

புகைப்படம் எடுக்கும் முறை 1839-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. பதினெட்டே ஆண்டுகளில், 1857-இல், சென்னையில் புகைப்படச் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. அக்காலத்துச் சங்கங்களில் கூடியவர்கள் பெரும்பாலும் மருத்துவரும் படைத்துறையினரும் அலுவலருமே. தமிழ்நாட்டின் பழைய படங்களுள் மிகச் சிறந்தவற்றை எடுத்த லின்னேயஸ் டிரைப் என்பார் படைத்துறையைச் சேர்ந்தவர். ஆர்வத்தால் இக்கலையைத் தாமே கற்றுப் பின்னர் சென்னை அரசின் புகைப்படக்காரரானவர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 1858-இல் அவர் பகுதி பகுதியாகப் படம் எடுத்தார். இருபத்தொரு படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். ஆர்வலராகத் தொடங்கிய ஒருவர் எட்டிய உயரத்திற்கு அது சான்று.

1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் பெட்டிக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நூறு படங்களுக்குரிய சுருள் அதனுள் இருந்தது. எடுத்து முடித்தபின் பெட்டியையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால், படங்கள் அச்சாகித் திரும்பி வரும். அன்று முதல் ஆர்வலர் இரு வகையினராயினர். பொத்தானை அழுத்துவதோடு தம் வேலை முடிந்தது என்று கருதுவோர் ஒரு வகையினர். பார்ப்பது முதல் பிரதி எடுப்பது வரை எல்லாப் பொறுப்பையும் தம் தலைமேல் ஏற்றுக்கொள்வோர் மற்றொரு வகையினர். கிருஷ்ணன் இரண்டாம் வகையினர்.

அவர் எழுத்தாலும் படத்தாலும் வருவாய் பெற்றாரே, அவரை ஆர்வலர் எனலாமா என்று கேட்கலாம். அவர் இக்கலையை எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. படப்பிடிப்பு நிலையம் வைத்து நடத்தவில்லை. எதை எடுப்பது, எப்படி எடுப்பது என்பதைப் பிறர் விருப்பத்திற்கு விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஊதியத்தின் அளவைவிட இவ்விடுதலையே ஆர்வலரின் இலக்கணம் எனக் கொள்வது பொருந்தும்.

கண் முதிர்ந்த முறை

கிருஷ்ணன் 1912 ஜூன் 30-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். அவருடைய தந்தையார் 'பத்மாவதி சரித்திரம்' என்னும் நாவலை எழுதிய அ. மாதவையா. தமிழ் நாவலின் தொடக்க காலத்து மூவருள் ஒருவராக மாணவர்கள் படிக்கும் அதே மாதவையா. பட்டப் படிப்பில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றத்தில் பேசியவுடனே, 1925-ஆம் ஆண்டில், அவர் உயிர் நீத்தார். அப்போது மகனுக்கு வயது பதின்மூன்று. மயிலாப்பூரில் இருந்த அவர்கள் வீட்டைச் சுற்றி அந்நாளில் மரமும் புதரும் பறவையும் மிகுதி. சிறுவனின் முதற்பாடம் அங்கேதான் நடந்தது.

மாநிலக் கல்லூரியில் அவர் தாவரவியல் பயின்று 1931-இல் பட்டம் பெற்றார். அங்கு பேராசிரியராக இருந்த பி. எஃப். ஃபைசன், நீலகிரி பழனி மலைகளின் செடிகொடிகளைப் பற்றி நூல் எழுதியவர். அவருடன் கிருஷ்ணன் மலைப் பயணங்கள் செய்தார். பேராசிரியரின் மனைவியார் ஓவியர். அவரிடம் நீர்வண்ண ஓவியமும் கற்றுக்கொண்டார். இச்செய்தியை வாழ்க்கை வரலாற்றின் ஒரு சிறு துணுக்காக ஒதுக்கிவிடலாகாது. ஒரு செடியை வரைய வேண்டுமாயின், இலை தண்டோடு சேரும் இடம் எது, நரம்பு எத்திசையில் ஓடுகிறது, மலரின் இதழ் எத்தனை என்பவற்றைக் கண் முதலில் தீர்மானிக்க வேண்டும். கண் தீர்மானிக்காததைக் கை வரைய இயலாது. கருவி அவ்வாறன்று, எடுப்பவர் காணாததையும் அது பதிவு செய்துவிடும். ஆகவே கருவியையே முதலிற் பிடித்தவர் பார்க்கக் கற்காமலே படம் எடுக்கக் கற்றுவிடுகிறார். கிருஷ்ணன் கற்ற வரிசை வேறு. தூரிகை முன்னே வந்தது. கருவி பின்னே வந்தது.

சட்டமும் படித்தார், அதில் நிலைக்கவில்லை. சில சிறு பணிகளுக்குப் பின் 1942-இல் சண்டூர் என்னும் சிறிய சுதேச சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இன்று அது கர்நாடக மாநிலத்தில் பல்லாரி மாவட்டத்தைச் சேர்ந்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, அரசரின் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அங்கே வகித்தார். ஓய்ந்த நேரமெல்லாம் குன்றிலும் புதர்க்காட்டிலும் கழித்தார். ஆடு வளர்த்தார்; புறா வளர்த்தார். புலியும் யானையும் தேடித் தொலைவு செல்லாமல், கண்முன் இருந்த சிற்றுயிர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்.

1949-இல் சண்டூர் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அதன்பின் கிருஷ்ணன் எந்தப் பணியிலும் நிலையாக அமரவில்லை. சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் படத்தையும் நம்பி வாழ்ந்தார். 1950-இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' ஏட்டில் அவர் தொடங்கிய இயற்கைக் குறிப்புகள் 1996-இல் அவர் மறையும் வரை, நாற்பத்தாறு ஆண்டுகள், தொடர்ந்து வெளிவந்தன. காக்கை, அணில், ஓணான், வீட்டுப் பல்லி ஆகியவற்றையும் யானைக்கு நிகராக மதித்து எழுதியவர் அவர்.

இவ்வளர்ச்சியில் ஒன்றைக் காணலாம். புகைப்படக்காரராக அவர் வெளிப்படுவதற்குள் ஏறத்தாழ நாற்பது வயது ஆகிவிட்டது. அந்நாற்பது ஆண்டுகளும் வீணாகவில்லை. அவை கண்ணுக்குப் பயிற்சியாயின. கருவி வாங்கிய மறுநாளே கலைஞராக விரும்புவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

கட்டிச் சேர்த்த கருவி

கிருஷ்ணனின் கருவியைப் பற்றி நண்பர்களிடையே நகைச்சுவையான பேச்சு உண்டு. அசாமில் தேயிலைத் தோட்டத் துரையாக இருந்து, தாமும் ஆர்வத்தால் காட்டுயிர்ப் படங்கள் எடுத்த இ. பி. ஜீ என்பவர், 1964-இல் வெளியிட்ட தம் நூலில் அதை வருணித்துள்ளார். உடற்பகுதி ஒரு நிறுவனத்தினுடையது. தொலைநோக்கு வில்லை வேறொரு நிறுவனத்தினுடையது. ஏனைய உறுப்புகளும் கிருஷ்ணன் தாமே இணைத்தவை. கயிறும் கம்பியும்கூட எங்கேனும் இருந்திருக்கும் என்று ஜீ வேடிக்கையாகச் சொல்கிறார். அதன் பருமனையும் எடையையும் குறித்து 'சூப்பர் பாண்டரோசா' என்ற பட்டப்பெயரும் வழங்கியது.

வேடிக்கைக்குப் பின்னே ஒரு கணக்கு இருந்தது. பெரிய அளவு நெகட்டிவில் எடுத்தால் புல்லின் நுனியும் தோலின் சுருக்கமும் தெளிவாகப் பதியும். காட்டின் அடர்ந்த நிழலில் மங்கிய ஒளியே கிடைக்கும். அங்கும் விவரம் கெடாமல் இருக்க நெகட்டிவின் பரப்பு உதவும். ஆனால் அதற்கு விலை கொடுத்தாக வேண்டும். சிறிய 35 மில்லிமீட்டர் சுருளில் 36 படம் எடுக்கலாம்; பெரிய அளவுச் சுருளில் எட்டோ பன்னிரண்டோதான் எடுக்க முடியும். அதன்பின் சுருளை மாற்ற வேண்டும். விலங்கு அதுவரை காத்திருக்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்துமுன் சிந்தித்தே தீர வேண்டும். குறைந்த படங்களே எடுக்கலாம் என்ற இந்நெருக்கடி அவருக்கு ஒழுக்கமாக மாறியது.

வண்ணப் படச்சுருள் எங்கும் பரவிய பின்னரும் அவர் கறுப்பு வெள்ளையையே கையாண்டார். வண்ணம் இல்லாதபோது உருவமும், ஒளி நிழலின் அளவும், மேனியின் தன்மையுமே படத்தைத் தாங்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் நிறத்தால் குறையை மறைக்க வழியில்லை. இருட்டறையில் பிரதி எடுக்கும்போது, நிழலில் மறைந்த யானையின் கண்ணை வெளிக்கொணரவும், வெளுத்த வானத்தை அடக்கவும், ஒளியைக் கூட்டியும் குறைத்தும் காட்டும் கைத்திறன் வேண்டும். ஓவியம் பயின்ற கை அவ்வேலைக்கு முன்பே பழகியிருந்தது.

காட்டில் அவர் பெரும்பாலும் நடந்தே சென்றார். அல்லது பழக்கிய யானையின்மேல் ஏறிச் சென்றார். முதுமலைக் காட்டில் இவ்வாறு அவர் கழித்த நாட்கள் பல. யானைமேல் செல்வதில் ஒரு நுட்பம் உண்டு. காட்டு விலங்குகள் யானையைக் கண்டு அவ்வளவாக மிரளுவதில்லை. மனிதனைத் தனியே கண்டால் ஓடிவிடும். ஆகவே விலங்கு தன் இயல்பு மாறாமல் இருக்கும் நிலையை அருகிலிருந்து காண அது வழிசெய்தது. ஆனால் யானையின் முதுகு ஆடிக்கொண்டே இருக்கும். பெருங்கருவியைக் கையில் ஏந்தி அசையாமல் எடுக்க உடல் வலிமையும் பொறுமையும் வேண்டும்.

முதற்பொருள் நீங்காத படம்

கிருஷ்ணனின் படங்களைப் பிறருடைய காட்டுயிர்ப் படங்களோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தோன்றும். நீண்ட வில்லையைக் கொண்டு எடுக்கும் படங்களில் விலங்கின் முகம் முழுச் சட்டத்தையும் நிரப்புகிறது. பின்னால் உள்ள மரமும் புல்லும் மங்கி வெறும் வண்ணப் பூச்சாகி விடுகின்றன. அந்தப் புலி எந்தக் காட்டில் நின்றது, காலையா மாலையா, கோடையா மழையா என்பது தெரியாது. விலங்குக் காட்சிச்சாலையில் எடுத்திருந்தாலும் அப்படத்தில் வேறுபாடு இராது. வேட்டைக்காரன் சுவரில் மாட்டும் தலைக்கும் அதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

கிருஷ்ணனின் படங்களிலோ விலங்கு தன் இடத்தில் நிற்கிறது. காட்டெருதைச் சுற்றிப் புல் இருக்கும். கடமானுக்குப் பின்னே மரம் இருக்கும். யானை கூட்டமாக இருக்கும்போது கூட்டத்தின் அமைப்பும் புலப்படும். சில படங்களில் விலங்கு சட்டத்தின் சிறு பகுதியையே கொள்கிறது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது குறையாகத் தோன்றலாம். பார்க்கப் பார்க்க, அவ்விலங்கு என்ன உண்கிறது, எங்கே மறைகிறது, யாரோடு வாழ்கிறது என்ற செய்திகள் ஒவ்வொன்றாக வெளிப்படும்.

இதைத் தமிழாசிரியர்களுக்கு விளக்க வேற்றுமொழிக் கலைச்சொல் எதுவும் வேண்டுவதில்லை. தொல்காப்பியர் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். விலங்கும் பறவையும் மரமும் உணவும் தொழிலும் போல்வன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். கருப்பொருள் தன் முதற்பொருளோடு இயைந்து நிற்கும்போதே உரிப்பொருள் சிறக்கும். குறிஞ்சிக்குரிய விலங்கை நிலத்தினின்றும் பொழுதினின்றும் பிரித்துத் தனியே காட்டினால் அது வெறும் பெயர்ப்பட்டியல் ஆகிவிடும். கிருஷ்ணன் இவ்விலக்கணத்தை முன்வைத்துப் படம் எடுத்தார் என்று கூறுவது மிகையாகும். ஆயினும் அவருடைய படங்கள் இவ்விலக்கணத்திற்கு இயைந்து நிற்கின்றன என்று கூறுவதில் தவறில்லை. விலங்கின் வாழ்வு முறையே அவருடைய படத்திற்கு உரிப்பொருள்.

இக்கொள்கை அழகுணர்ச்சியால் மட்டும் தோன்றியதன்று. 1968-இல் அவருக்கு ஜவாஹர்லால் நேரு ஆய்வுநிதி கிடைத்தது. அதைக் கொண்டு தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை அவற்றின் வாழிடத்தோடு ஆராய்ந்தார். 1959 முதல் 1970 வரை அவர் கண்டவை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலாக 1975-இல் நூலாயின. காடு சுருங்கிவருவதை அவர் கண்முன் கண்டார். விலங்கு மட்டும் தப்பினால் போதாது. நிலமும் தப்ப வேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய செய்தி. நகரச் சாலைகளில் அயல்நாட்டுப் பூமரங்களை நடுவதைக்கூட அவர் எதிர்த்தார்; அந்தந்த மண்ணின் மரமே அந்தந்த மண்ணில் நிற்க வேண்டும் என்றார். அவருடைய எழுத்தும் படமும் வாதமும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. படம் அவருக்கு வாக்குமூலம்; சாட்சியில் இடமும் காலமும் விடுபட்டால் அது செல்லாது.

இருவேறு வழிகள்

ஒருவரின் தனித்தன்மையை அறிய, அவர் காலத்து வேறிருவரை அருகில் நிறுத்திப் பார்க்கலாம். மலேசியத் தமிழர் நன்கறிந்த ஏ. கே. செட்டியார் (1911–1983) டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலையை முறையாகக் கற்றவர். உலகெங்கும் திரிந்து காந்தியடிகளின் படத்துணுக்குகளைச் சேகரித்து 1940-இல் முழுநீள ஆவணப்படமாக வெளியிட்டவர். அவருடைய வழி பயணத்தின் வழி. தொலைவில் சிதறிக்கிடப்பதை ஓரிடத்தில் சேர்ப்பது அவர் குறிக்கோள்.

தஞ்சையில் 1932-இல் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி. என். ஏ. பெருமாள், 1960-களில் காட்டுயிர்ப் படங்களில் ஈடுபட்டு, கண்காட்சிகளிலும் சங்கங்களிலும் பெரும்புகழ் பெற்றவர். அவருடைய வழி செய்ந்நேர்த்தியின் வழி. ஒளியும் கூர்மையும் அமைப்பும் குறைவற அமைந்த படம் அவர் குறிக்கோள்.

கிருஷ்ணனின் வழி இவ்விரண்டிலும் வேறானது. அவர் தொலைவை நாடவில்லை. பரிசை நாடவும் இல்லை. தென்னிந்தியக் காடுகளுக்கு மீண்டும் மீண்டும் சென்று, ஒரே விலங்கைப் பல பருவங்களில் கண்டார். மூன்று வழிகளும் சிறந்தவையே. ஆயினும் கையில் பணமும் கால ஓய்வும் குறைந்த ஓர் ஆர்வலருக்கு மூன்றாவது வழியே எட்டக்கூடியது. பெருமாளே கிருஷ்ணனின் மதிப்பை உணர்ந்தவர். 2006-இல் கிருஷ்ணனின் படங்களும் கட்டுரைகளும் அடங்கிய பெருந்தொகுப்பு வெளிவந்தபோது, அதனை உருவாக்கியோருள் அவரும் ஒருவர்.

குறைகள்

பாராட்டு மட்டுமே திறனாய்வு ஆகாது. கிருஷ்ணனின் கொள்கைக்கு எல்லைகள் உண்டு.

வண்ணத்தை முற்றும் விலக்கியதால், நிறமே வாழ்வாகிய உயிர்களின் ஒரு பகுதி உண்மை அவர் படங்களில் இடம்பெறாமல் போயிற்று. மீன்கொத்தியின் நீலமும் மயிலின் தோகையும் வெறும் அழகல்ல. துணையை அழைக்கும் மொழி. நிலத்தையும் பொழுதையும் விடாத கலைஞர் நிறத்தை மட்டும் விட்டது ஆராய்தற்குரியது. அவர் காலத்து வண்ணச் சுருள் காட்டின் மங்கிய ஒளிக்கு ஏற்றதாக இல்லை என்பது ஒருவாறு சமாதானம். முழுச் சமாதானம் ஆகாது.

அடுத்தது மொழி பற்றியது. தமிழுக்காகப் பேசியவுடன் உயிர்நீத்த தந்தையின் மகன், தம் சிறந்த படங்களையும் அவற்றுக்குரிய கட்டுரைகளையும் பெரும்பாலும் ஆங்கில ஏட்டிற்கே அளித்தார். அவர் தமிழிலும் எழுதினார் என்பது உண்மை. பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்திற்குக் கட்டுரைகள் அளித்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக வெளியிட்டார். அக்கட்டுரைகளின் தமிழ் தெளிந்த தமிழ். மக்கள் வழங்கும் பெயர்களை ஏற்ற தமிழ். அத்தகைய தமிழ் இன்னும் பன்மடங்கு வந்திருக்கலாமே என்ற ஏக்கமே குறையாகிறது. பழி அவரை மட்டும் சார்ந்ததன்று. நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரு பறவைக்கும் ஓணானுக்கும் இடம் ஒதுக்கக்கூடிய தமிழ் ஏடு அன்று இருந்திருந்தால், அவர் அதற்கு எழுத மறுத்திருப்பார் என்று கூறுவதற்கில்லை.

தோட்டத்துப் பொழுது

இனி, தொடங்கிய இடத்திற்குத் திரும்பலாம். கோலா கிளாவாங் சுற்றுவட்டாரத்து ஆர்வலர் ஒருவர் கிருஷ்ணனிடம் கற்கத்தக்கது என்ன?

மலாயாவில் தமிழரைப் படம் எடுத்தவர் இல்லாமல் இல்லை. சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டிலேயே சிங்கப்பூரில் இயங்கிய ஜி. ஆர். லாம்பர்ட் போன்ற நிலையங்கள் நாட்டின் காட்சிகளையும் பல்வேறு இனத்தாரின் தோற்றங்களையும் படமாக்கி விற்றன. அப்படங்களில் தமிழர் பெயரற்ற மாதிரிகளாக நிற்கின்றனர். பின்னர் நகரத்துப் படப்பிடிப்பு நிலையங்களில் குடும்பப் படங்கள் எடுக்கப்பட்டன. வரைந்த திரைக்கு முன்னே, புதுச்சேலை உடுத்தி, அசையாமல் அமர்ந்த படங்கள் அவை. உறவினருக்கு அவை விலைமதிப்பற்றவை. ஆனால் அவற்றில் தோட்டம் இல்லை, நிலமும் இல்லை, பொழுதும் இல்லை. கருப்பொருள் முதற்பொருளை விட்டுப் பிரிந்த படங்கள் அவை.

அதே காலத்தில் தோட்டங்கள் மாறிக்கொண்டிருந்தன. 1950-களிலும் 1960-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளர் இடம்பெயர்ந்தனர். அத்துயரைத் தடுக்கவே 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. பின்னர் பால் மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தது. லயன் வீடுகள் பல மறைந்தன. தோட்டத்துப் பள்ளிகள் சில இடம் மாறின, சில மூடப்பட்டன. பல தலைமுறைகள் வாழ்ந்த வாழ்க்கைக்குப் பாட்டும் கதையும் சான்றாக உள்ளன. உள்ளிருந்து பார்த்த படங்கள் அரியவை.

எஞ்சியதையாவது காண வேண்டும். பால் மரத் தோப்பின் ஒளியைப் போல நுட்பமானது வேறில்லை. மரத்தினுள் பாலின் அழுத்தம் விடியற்குளிரில் மிகுந்திருக்கும். ஆகவே வெயில் ஏறுமுன் மரம் சீவுகின்றனர். நெற்றி விளக்கின் சிறு வட்டத்தில் கத்தியும் பட்டையும் தெரியும் அப்பொழுது, வைகறை வெளுக்க வெளுக்கச் சில நிமிடங்களில் மாறிவிடும். ஆண்டின் தொடக்க மாதங்களில் பால் மரம் இலை உதிர்க்கும். அடர்ந்த நிழல் நீங்கி வானம் தெரியும். துளிர் செம்பு நிறத்தில் எழும். மாரியும் கோடையும் ஒன்றுபோல் தோன்றும் நாட்டில் இதுவும் ஒரு பெரும்பொழுது. செம்பனையில் இம்மாற்றம் இல்லை. அங்கு மட்டைகளின் இருள் ஆண்டு முழுதும் ஒன்றே. தோட்டம் மாறியதால் தமிழ்க் குழந்தைகள் காணும் பொழுதே மாறிவிட்டது. இதைச் சொல்லாமற் சொல்ல ஒரு படத்தால் முடியும்.

காடும் அருகில்தான் இருக்கிறது. தித்திவங்சா மலைத்தொடரின் சரிவுகளில் இருவாய்க்குருவி பறக்கிறது. தோட்டத்தின் ஓரத்தில் குரங்கும் உடும்பும் காட்டுப்பன்றியும் உலவுகின்றன. இவற்றை எடுக்க விலையுயர்ந்த வில்லை இல்லையே என்று வருந்துவோர், பல நிறுவனத்து உறுப்புகளைக் கட்டிச் சேர்த்த அந்தப் பெருங்கருவியை நினைக்க வேண்டும். தொலைபேசியின் சிறு வில்லை இயல்பாகவே அகன்ற காட்சியைக் காட்டுவது. முகத்தை நெருக்கிப் பிடிக்க அது உதவாது. நிலத்தோடு சேர்த்துப் பிடிக்க மிகவும் உதவும். கிருஷ்ணன் அரும்பாடுபட்டுக் காத்த முதற்பொருளை இக்கருவி எளிதில் தருகிறது. குறையாகக் கருதப்படுவது அறிந்து கையாள்பவருக்கு வாய்ப்பாகிறது.

இதில் தமிழாசிரியருக்கு ஒரு பங்கு உண்டு. முதல், கரு, உரி என்னும் பாடத்தைப் பலகையில் எழுதி மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாமல், மாணவரைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்று ஒரே மரத்தை ஓராண்டு படம் எடுக்கச் சொல்லலாம். ஒரு நாளைக்கு எட்டுப் படமே எடுக்க வேண்டும் என்று அளவு வைக்கலாம். ஒவ்வொரு படத்தின் கீழும் இடம், நாள், நேரம், அதிலுள்ள செடி பறவை ஆகியவற்றின் தமிழ்ப் பெயர், வேலை செய்பவர் வழங்கும் பெயர் ஆகியவற்றை எழுதச் செய்யலாம். ஓராண்டின் முடிவில் மாணவர் கையில் ஒரு திணைநூல் இருக்கும். அதை எழுதியவர் அவரே.

கிருஷ்ணனுக்கு 1970-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருதைவிடப் பெரிது அவர் விட்டுச்சென்ற வழி. அருகில் இருப்பதை நெடுங்காலம் பார், பார்த்ததை அதன் இடத்தோடும் காலத்தோடும் காட்டு, குறைவாக எடு, பொறுப்பு முழுவதையும் ஏற்றுக்கொள். புக்கிட் தங்காவின் இப்புறத்தில் இவ்வழியில் ஓர் இளைஞர் இன்று தொடங்கினால் போதும். வெட்டப்பட இருக்கும் கடைசிப் பால் மரத் தோப்பிற்கு ஒரு சாட்சியாவது மிஞ்சும்.